பொழுது சாய்ந்த பின் சாப்பாடு

வடக்கு ஸ்வீடனில் நான் இருக்கும் ஊரில், மார்கழி மாதம் மதியம் இரண்டு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மூன்று மணிக்கு அலுவலகத்தில் ‘ஃபீகா’ என்று எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு, காபியும் இலவங்கப்பட்டை பன்னுமாக உட்கார்ந்துவிடுவார்கள். வந்த முதல் குளிர்காலத்தில் அந்தப் பன்னை ஃபீகா நேரத்தில் நான் தொடவே இல்லை. செஞ்சிப் பக்கத்துத் தமிழ்ச் சமணக் குடும்பம் எங்களுடையது. பொழுது சாய்ந்த பிறகு வாயில் ஒரு பருக்கைகூடப் போடக்கூடாது என்று வளர்ந்தவள் நான். பக்கத்து மேசை இங்க்ரிட் எனக்காகவே முட்டை போடாமல் ஒருநாள் சுட்டுக்கொண்டு வந்தாள். “உனக்கு நான் சுட்டது பிடிக்கவில்லையா?” என்று முகம் வாடிக் கேட்டாள். “இருட்டிவிட்டதே” என்றேன். அவள் எழுந்து போய் இன்னொரு விளக்கைப் போட்டுவிட்டு வந்தாள். பன்னைப் பையில் வைத்துக்கொண்டு மறுநாள் காலையில் தின்றேன்.

நைனாவுக்குச் செஞ்சி கடைவீதியில் நிலக்கடலை மண்டி. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். சாயங்காலம் வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் அவர் மட்டும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு வண்டியை விரட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். எங்கள் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் சூரியன் கோட்டை மலைக்குப் பின்னால் சீக்கிரமே இறங்கிவிடும். அது அஸ்தமனக் கணக்கில் சேருமா சேராதா என்று தினமும் ஒரு வழக்கு நடக்கும். “மலை மறைச்சிக்கினு இருக்குது, அவ்ளோதான். பொழுது இன்னும் சாயல, பேசாம சாப்டு” என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டுச் சோற்றைப் போடுவார். விளக்கு வெளிச்சத்துக்கு வருகிற பூச்சி சாப்பாட்டில் விழுந்து சாகும், அந்தப் பாவம் நமக்கு என்பதுதான் இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம். சிவந்து கிடக்கும் பாறைகளைப் பார்த்தபடி அரக்கப்பரக்கச் சாப்பிட்ட அந்தச் சாப்பாட்டுக்கு இன்றைக்கும் என் மனசு ஏங்குகிறது. நிதானமாகச் சாப்பிடுகிற எதிலும் அந்த ருசி இல்லை.

மைனஸ் இருபது குளிரில் பூச்சி ஏது? முதலில் ஃபீகா பன் உள்ளே போனது, பிறகு ராத்திரிச் சோறு. அந்தக் கட்டுப்பாடு போனதும் வினை, மறுபிறவி, வீடுபேறு என்று பின்னாலேயே ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டது. எதையும் நான் நம்பவில்லை என்பது ஒருநாள் பாத்திரம் கழுவும்போது சாதாரணமாகத் தெரிந்தது. இங்க்ரிட்டிடம் சொன்னேன்.

“உங்கள் மதத்தில் உலகத்தைப் படைத்த கடவுள் உண்டா?” என்றாள்.

“இல்லை.”

“அப்படியானால் நீ எப்போதுமே நாத்திகிதானே. விடுவதற்கு என்ன இருக்கிறது?”

கேள்வி நியாயம்தான். எங்கள் தீர்த்தங்கரர் கேட்டதைக் கொடுப்பவர் இல்லை, யாரையும் பார்க்காமல் அமர்ந்திருப்பவர். நான் விட்டுப் போனால் அவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. நைனாதான் உடைந்துபோவார். அம்மா போன பிறகு தனியாக இருக்கிறார், நான் ஒரே பிள்ளை. போனில் முதல் கேள்வியே “பொழுதோட சாப்டியா?” என்பதுதான். கோடையில், “இங்க ராத்திரி பத்து மணிக்கும் வெயிலடிக்குது நைனா” என்றால் விழுந்து விழுந்து சிரிப்பார். குளிர்காலத்தில் பேச்சை மாற்றிவிடுவேன். இதைப் போனில் சொல்லக்கூடாது, நேரில்தான் சொல்ல வேண்டும் என்று போன தை மாதம் ஊருக்குப் போனேன்.

சென்னையிலிருந்து வந்த பஸ் தாமதம். வீட்டுக்குப் போனபோது இருட்டிவிட்டது. நைனா சாப்பிட்டு முடித்திருந்தார்.

“பசிக்குதாம்மா?”

“பசிக்குது. நைனா, நான் அங்க ராத்திரியில சாப்புடறேன். எனக்கு எதுலயும் நம்பிக்கை இல்லாம போயிடுச்சி.”

“எப்பலேந்து?”

“ரொம்ப நாளாவே.”

அவர் எழுந்து சமையலறைக்குப் போனார். பொழுது போன பிறகு அந்த வீட்டில் அடுப்பு எரிந்து நான் பார்த்ததில்லை. ரவையை வறுத்து உப்புமா கிளறிக்கொண்டு வந்து வைத்தார். உப்பு கரித்தது. ட்யூப்லைட்டைச் சுற்றிப் பூச்சிகள். எதிரில் உட்கார்ந்து, என் தட்டுக்கு மேலே துண்டை மெதுவாக வீசிக்கொண்டே இருந்தார். “நீ சாப்டு, நான் பாத்துக்கறேன்” என்றார். மிச்சம் வைக்காமல் தின்றேன்.

கை கழுவி வந்த பிறகு கேட்டார். “உங்கம்மா போறப்ப காதுல பஞ்ச நமஸ்காரம் நீதான சொன்ன?”

உயிர் பிரிகிற நேரத்தில் காதில் கடைசியாக விழுவது அந்த மந்திரமாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம்.

“ஆமா.”

“எனக்கு யாரு சொல்லுவாங்க?”

“நான்தான் சொல்லுவேன்.”

“நம்பாம இன்னாத்த சொல்லுவ?”

“நீங்க நம்புறீங்க இல்ல நைனா. அது போதும்.”

என் தட்டை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். என் பக்கம் திரும்பாமலே, “தப்பில்லாம சொல்லணும்” என்றார்.

இப்போது யார் கேட்டாலும் நாத்திகி என்றுதான் சொல்கிறேன். சொல்வதில் எனக்குக் கூச்சமும் இல்லை. ஆனால் பனியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது வாய் அந்த ஐந்து வரியையும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறது. ஓரிடத்தில் தடுக்கினாலும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். மந்திரம் பழுதில்லாமல்தான் இருக்கிறது. நைனாவின் காதுக்கும் என் வாய்க்கும் நடுவில் இரண்டு விமானமும் ஒரு செஞ்சி பஸ்ஸும் இருக்கின்றன.