இவர் கொடுக்காத ரத்தம்

இந்தக் கூத்தைக் கேளுங்கள் அக்கா! என் வீட்டுக்காரர் முதலை கிடக்கிற ஓடையில் இறங்கி நண்டு பிடிப்பார்; ஊசியைக் கண்டால் மட்டும் நடுங்குவார்.

அந்தமானில் எங்கள் மாயாபந்தருக்கு ஒருமுறை மெயின்லேண்டிலிருந்து ஆராய்ச்சிக்காரர்கள் வந்தார்கள். மாமனாரின் தாத்தா கைதியாக வந்தவர். எந்த ஊரென்று யாருக்கும் தெரியாது. தகப்பன், மகன் ரத்தத்தைப் பார்த்தால் துப்புக் கிடைக்கலாம் என்றார்கள். நான்தான் குதித்துக்கொண்டு மாமனாரை அழைத்துப் போனேன்.

"நீங்க போங்க, நான் மத்தியானம் போய்க் குடுக்கிறேன்" என்றார் இவர். நம்பினேன் பாருங்கள், அதுதான் தப்பு.

மறுநாள் அந்த ஆராய்ச்சிக்காரர்களில் ஒருவர் வீட்டுக்கே வந்து, "ரத்தம் ஒத்துப்போகலை, இவரு அவருக்கு மகனா இருக்க முடியாதும்மா" என்றார்.

மாமியார் முறத்தை வீசினார். "அரே சாப்! அஞ்சு புள்ள பெத்தவளைப் பாத்து என்ன பேச்சு இது?"

மாமனார் சோற்றைத் தொடாமல் எழுந்து போனார். மூன்று நாள் மாமியாரோடு பேசவில்லை. அந்த அம்மாள் அழுத அழுகையைத் தாங்காமல் என் தம்பி உளறினான்: "மச்சான் கெஞ்சுனாரு. அவர் பேரைச் சொல்லி நான்தான் விரலை நீட்டுனேன்."

"ஒரு சொட்டு ரத்தத்துக்குப் பயந்து பெத்தவளை சந்தி சிரிக்க வெச்சீங்களே!" என்று இவரை இழுத்துப் போனேன். இந்தமுறை ரத்தம் ஒத்துப்போனது. மாமனார் வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சோறு கேட்டார். ஊர்தான் இன்றுவரை தெரியவில்லை.

இப்போது வீட்டில் யாருக்கு ஊசி என்றாலும் குத்தி முடியும்வரை நானே பக்கத்தில் நிற்கிறேன். அட, அம்மை குத்துகிறவர் தெருவுக்கு வந்துவிட்டாராம்! இருங்கள், உலையை இறக்கிவிட்டு இவரைப் பிடித்து வருகிறேன்.