காலி வண்டி எடை

2022 டிசம்பர் 11, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து நாற்பது. பொடித் தூறல். மேற்கே கல்வராயன் மலை முழுவதும் மேகத்துக்குள் போயிருந்தது. மொட்டைமாடிக் கொடியில் பதினொரு துணிகள் காய்ந்துகொண்டிருந்தன. நான்கை எடுத்து முடிப்பதற்குள் என் மகள் கீழேயிருந்து குரல் கொடுத்தாள்.

“அப்பா, நாலாவதுல எத்தினி எண்ணின?”

“முப்பத்தொண்ணு.”

“நூத்திப் பன்னெண்டாம். இருபத்தாறு பேரு எழுதியிருக்காங்க.”

மீதி ஏழு துணிகளும் நனைந்தன.

மகளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. கள்ளக்குறிச்சியில் எங்களோடு இருந்தபடியே ஒரு கணினி நிறுவனத்துக்கு வேலை செய்தாள். அதைத் தவிர, வெள்ளிக்கிழமைதோறும் ஒரு விளையாட்டைப் பற்றித் தமிழில் பேசிக் காணொளி போடுவாள். கணினியில் வீடு கட்டி, மனிதர்களைக் குடிவைத்து, சமைக்க வைத்து, வேலைக்கு அனுப்பி, கிழவனாக்கிச் சாகடிக்கிற விளையாட்டு அது. இதுவரை நான்கு பதிப்புகள் வந்திருக்கின்றன. அடிப்படை விளையாட்டு வாங்கினால் வீடும் ஆட்களும் மட்டும் கிடைக்கும். நாய் பூனை வேண்டுமென்றால் ஒரு விரிவாக்கத் தொகுப்பு வாங்க வேண்டும். கல்லூரிக்கு இன்னொன்று. மழை வெயிலுக்கு வேறொன்று; அது இரண்டாவது பதிப்பிலிருந்துதான் உண்டு. மகள் இதை ‘பேக்’ என்பாள். புதிய பதிப்பு வந்துவிட்டால் பழைய பேக் எதுவும் அதில் ஓடாது. நாயை மறுபடி வாங்க வேண்டும். மழையை மறுபடி வாங்க வேண்டும்.

எந்தப் பதிப்பின் மழை நல்ல மழை, எந்தப் பதிப்பின் நாய் காசுக்கு ஏற்ற நாய் என்று ஒப்பிட்டுச் சொல்வதுதான் அவள் வேலை. ஆங்கிலத்தில் இதைச் சொல்ல ஆயிரம் பேர் இருப்பார்களாம். அவள் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொன்னாள். “மூணு பதிப்புலயும் பனி கொட்டிக்கினே கீது. நம்ம மலையில வெறும் மூட்டந்தான். இதுக்கு எதுக்குங்க காசு?” என்று அவள் கேட்ட இடத்தை நான் ஒன்பது முறை பார்த்தேன். ஒவ்வொரு காணொளியின் முடிவிலும் ஒரு சபதம் செய்வாள்: “எண்ணிக்கையில ஒண்ணு தப்புன்னாலும் சேனலை மூடிடறேன்.” நாற்பத்தாறு காணொளிகள் அப்படிப் போயின. நாற்பத்தேழாவதில் மாட்டினாள்.

எண்ணியது நான்.

முப்பத்துமூன்று ஆண்டுகள் சர்க்கரை ஆலையில் எடைமேடை எழுத்தராக இருந்தவன். கரும்பு ஏற்றிய வண்டியை முதலில் எடை போடுவோம். இறக்கிய பிறகு காலி வண்டியை எடை போடுவோம். முன்னதிலிருந்து பின்னதைக் கழித்தால் கரும்பின் எடை. விவசாயிக்குக் கொடுக்கும் சீட்டில் மூன்று எண்ணும் இருக்கும். அலுவலகப் பதிவேட்டில் கடைசி எண் மட்டும் ஏறும். மழை வெயில் பேக்கை மூன்று பதிப்புகளிலும் எண்ணித் தரச் சொல்லி மகள் கேட்டபோது, கோடு போட்ட நோட்டில் பதினேழு நாள் உட்கார்ந்து எண்ணினேன். குடை, பனிச்சறுக்குத் தளம், பூசணிக்காய், நீர்த்தெளிப்பான் எல்லாம் எண்ணினேன். கடைசியில் அவளிடம் தாளை நீட்டினேன். இரண்டாவது பதிப்பு 118. மூன்றாவது 57. நான்காவது 31.

அவளும் அப்படியே பேசிவிட்டாள். நாலாவது பதிப்பு பேக்கில் முப்பத்தொரு பொருள்தான், வாங்காதீர்கள் என்று.

அன்று சாப்பாட்டுக்கு எலவனாசூர்கோட்டையிலிருந்து என் மைத்துனர் வந்திருந்தார்.

“இன்னா மாமா, பாப்பா மூஞ்சி இப்பிடி கீது? பொம்ம வூட்டுல கரண்ட்டு போயிடுச்சா?”

“சும்மா இரேன்டா,” என்றாள் என் மனைவி.

“இல்லக்கா, ஆலையில டன் கணக்கு பார்த்த மனுசன், இப்போ பொம்ம குடைய எண்ணிக்கினு கீறாரே, அதான் கேட்டேன்.”

சாப்பிட்டதும் நோட்டைப் பிரித்தேன். நான்காவது பதிப்பு, பக்கம் 38. மொத்தம் 112 என்று என் கையெழுத்திலேயே இருந்தது. பக்கத்தில் 81 என்று கழித்திருந்தேன். முந்தின பதிப்புகளின் பேக்கில் ஏற்கனவே இருந்தவை அந்த எண்பத்தொன்று. குடை இரண்டாவதிலும் இருந்தது, மூன்றாவதிலும் இருந்தது, நான்காவதிலும் இருக்கிறது. அது வண்டி. கரும்பு அல்ல. மூன்றாவது பதிப்பிலும் 131இல் 74ஐ அப்படித்தான் கழித்திருந்தேன். எண் எதுவும் தப்பில்லை. விவசாயிக்குச் சீட்டு கொடுக்க வேண்டிய இடத்தில் பதிவேட்டுக் கணக்கைக் கொடுத்திருக்கிறேன்.

மகளிடம் நோட்டைக் காட்டினேன். அவள் 81இல் விரல் வைத்தாள்.

“வண்டி எடைய கழிச்சியா?”

“ஆமாம்மா.”

“எங்கிட்ட சொல்லவே இல்லியே?”

“கழிக்காம யாராவது எடை போடுவாங்களான்னு நெனச்சேன்.”

சிரித்துவிட்டாள். பிறகு முகம் மாறியது. “நீ ஒண்ணும் சொல்லாத. நானே தப்பு வுட்டேன்னு சொல்லிட்டு மூடிடறேன்.”

நான் ஒப்புக்கொள்ளவில்லை. மறுநாள் காலை சட்டை மாற்றிக்கொண்டு அவளுடைய கேமரா முன் உட்கார்ந்தேன். ஏழு நிமிடம் பன்னிரண்டு வினாடி பேசினேன். எண்ணியது நான், கழித்தது நான், அவள் மீது குற்றமில்லை என்று நோட்டைக் காட்டிச் சொன்னேன். மாலைக்குள் நூற்று நாற்பது பேர் எழுதினார்கள். முதலில் சண்டை பிடித்தவர்களில் பத்தொன்பது பேர், நாய் பூனை பேக்குக்கும் காலி வண்டி எடை போட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டார்கள்.

மகள் அதில் சமாதானமாகவில்லை. ஒரே ஒரு பின்னூட்டத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். மலைமேல் வெள்ளிமலையில் மருந்தாளுநராக இருக்கும் ஒரு பெண் எழுதியது. அரை விலைத் தள்ளுபடி சனிக்கிழமையோடு முடிந்ததாம். ‘நீங்க சொன்னதைக் கேட்டு வாங்காம விட்டுட்டேன் அக்கா’ என்று மட்டும் இருந்தது.

“மத்தவங்க வாய்ச்சண்டை போட்டாங்க. நஷ்டப்பட்டது இவங்க ஒருத்தங்கதான்,” என்றாள் மகள். “இவங்க மூடச் சொன்னா மூடிடுவேன்.”

எடைச்சீட்டில் பிசகு வந்து விவசாயிக்கு நஷ்டமானால், எழுத்தர்கள் நாங்கள் எங்கள் கையிலிருந்து போட்டு ஈடுகட்டுவோம். யாரும் எழுதிவைத்த விதி அல்ல. மறுநாளும் அந்த விவசாயி முகத்தில் விழிக்க வேண்டுமே, அதற்காக. என் காலத்தில் நான்கு முறை கொடுத்திருக்கிறேன். இது ஐந்தாவது என்று முடிவு செய்தேன். மகள் அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கேட்டாள். அந்தப் பெண் எங்களைப் புதன்கிழமை மத்தியானம் வரச் சொன்னாள்.

பேருந்தில் மலையேறினோம். கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். மகள் சேனலுக்கு முடிவுரையாக என்ன சொல்வது என்று கைப்பேசியில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருந்தாள். அதனால் எனக்கு எண்ணிக்கை தவறியது.

அந்தப் பெண்ணுக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். மத்தியானச் சாப்பாட்டு இடைவேளையில், வேலை செய்யும் ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். நான் உறையை நீட்டினேன். முழு விலைக்கும் அரை விலைக்கும் உள்ள வித்தியாசம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

“அய்ய, இன்னா சார் இது? இதுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?”

“வாங்கிக்கம்மா. சீட்டு தப்பா போட்டது நானு.”

தயங்கி வாங்கிக்கொண்டாள். மகள் கேட்க வந்ததைக் கேட்டுவிட்டாள்.

“சேனலை மூடிடட்டுமாங்க?”

“மூடிட்டா? அப்புறம் நான் எங்க போய் தமிழ்ல கேக்கறது?” என்றாள் அவள். பிறகு என்னைப் பார்த்துத் திரும்பினாள். “சார், உங்க வீடியோ பார்த்தேன். ஒண்ணு சொன்னா கோச்சிக்க மாட்டீங்களே?”

“சொல்லும்மா.”

“நான் ரெண்டாவதும் ஆடல, மூணாவதும் ஆடல. நாலாவதுதான் எனக்கு மொதல்ல. எனக்குக் கழிக்கறதுக்கு வண்டியே இல்லியே சார். நூத்திப் பன்னெண்டும் எனக்கு கரும்புதான்.”

முப்பத்துமூன்று ஆண்டுகளில் தலைச்சுமையாகக் கரும்பு கொண்டுவந்த ஒருவரையும் நான் எடை போட்டதில்லை. வண்டி இல்லாமலும் சரக்கு வரலாம் என்பதே எனக்குத் தோன்றவில்லை. மகள் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு அடக்க முடியாமல் சத்தமாகவே சிரித்தாள். அந்தப் பெண்ணும் சேர்ந்துகொண்டாள். எந்தப் பதிப்பில் தோட்டம் போடுவது சுலபம் என்று இருவரும் நாற்பது நிமிடம் பேசினார்கள். அந்தப் பெண் சந்தேகம் கேட்கக் கேட்க, எழுதி வைத்ததைப் பார்க்காமல் மூன்று பதிப்புகளையும் மகள் அடுக்கிக்கொண்டே போனாள். ஆஸ்பத்திரி வரிசையில் நின்ற இரண்டு பெண்கள்கூடத் திரும்பிக் கேட்டார்கள். இவளைப் பெற்றவன் நான்தான் என்று அவர்களிடம் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்லவில்லை. பேருந்துக்கு நேரமாகிறது என்று மட்டும் இரண்டு முறை சொன்னேன்.

நாற்பத்தெட்டாவது காணொளி அந்த வெள்ளிக்கிழமை சொன்ன நேரத்துக்கு வந்தது. இப்போது அட்டவணையில் மூன்று பத்திகள்: மொத்தம், காலி வண்டி, நிகரம். முதன்முறை ஆடுகிறவர் மொத்தத்தைப் பார்க்க வேண்டும், பழைய பதிப்பு ஆடியவர் நிகரத்தைப் பார்க்க வேண்டும் என்று கீழே ஒரு குறிப்பு. சபதத்தையும் மகள் மாற்றிக்கொண்டாள்: “எண்ணிக்கையில தப்பு இருந்தா எங்கப்பா நேர்ல வந்து பணம் குடுப்பாரு.” என்னைக் கேட்காமல் சொன்னதுதான். மைத்துனர் அதைப் பார்த்துவிட்டு, தன் பேரனுக்கு எந்த பேக் வாங்கலாம் என்று போனில் கேட்டார். இதற்கு முன் ஆடியிருக்கிறானா என்று திருப்பிக் கேட்டேன்.

அந்தப் பெண்ணுக்குக் கொடுத்தது ஆயிரத்து ஐந்நூறு. பேருந்துக்கு ஆளுக்கு நாற்பத்திரண்டு வீதம் இரண்டு பேருக்குப் போக வர நூற்று அறுபத்தெட்டு. மூன்று பத்தி போட்ட புது நோட்டு இருபத்தைந்து. ஆக மொத்தம் ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூற்று மூன்று ரூபாய்.