பௌர்ணமியில் வைத்த கல்யாணம்

தப்பு என்னுடையதுதான். மகள் கல்யாணத்துக்கு நாள் குறித்தது நான். அன்று பௌர்ணமி என்பதை யோசிக்கவே இல்லை.

கிரிவலக் கூட்டம் பெருகத் தொடங்கியிருந்த காலம் அது. மாப்பிள்ளை வீட்டாரும் நாங்களுமாகக் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரே வேனில் அண்ணாமலையார் கோயிலுக்குக் கிளம்பினோம். ஊருக்கு வெளியிலேயே போலீஸ் வேனை நிறுத்திவிட்டது. இறங்கி நடந்தோம். மலை சுற்றும் ரோட்டில் கூட்டம் நெருக்கியது. கோயில் பக்கம் நகர முடியவில்லை. முகூர்த்தம் முடிய அரைமணி நேரம்தான் இருந்தது.

"எல்லாம் பாத்தீங்க, பௌர்ணமிய பாக்கலியா சம்மந்தி?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

ரோட்டோரம் பழைய கல்மண்டபம் ஒன்று. அதில் குடியிருந்த மோர் விற்கும் அம்மா எங்களைக் கூப்பிட்டார்.

"இங்கியே தாலி கட்டுங்க. சாமி பின்னாடியே மலையா நிக்குது."

சொல்லிக்கொண்டே தூண் சிற்பங்களின் மேல் காயப்போட்டிருந்த புடவைகளை உருவினார். ஒரு தூணில் அவருடைய ஆடு கட்டியிருந்தது.

"ஆட்ட மட்டும் தள்ளி கட்டுங்கம்மா, மாலைய தின்னுடும்" என்றாள் என் மகள். முறைத்துக்கொண்டிருந்த சம்மந்தியே சிரித்துவிட்டார்.

மேளம் இல்லை. ஒரு சாமியார் சங்கு ஊதினார். தாலி ஏறியது. நடந்துபோனவர்களெல்லாம் நின்று அட்சதைக்குக் கை நீட்டினார்கள். எங்களுடையது தீர்ந்துபோக, அந்த அம்மா தன் ரேஷன் அரிசியில் மஞ்சள் பிசைந்து முறத்தோடு கொடுத்தார். முறமும் காலியானது.

வேனில் வந்தது இருபது பேர். வாழ்த்தியவர்களை எண்ண முடியாது.

இப்போதும் மலை சுற்றப் போகிறேன். பக்கத்தில் நடப்பவர் யாராக இருந்தாலும் கும்பிடுவேன். என் மகள் தலையில் அரிசி போட்டவராக இருக்கலாம்.