இறுப்பிட்டியில் நட்ட சிவப்பு முளைகள்

காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணத்தில் ஆட்டோ ஏறினேன். புங்குடுதீவின் இறுப்பிட்டி வரை ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். இந்திய ராணுவத்தில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்துவிட்டு, ஓய்வுபெற்றபின் தொல்லியல் படித்தவன் நான். இங்குள்ள ஆய்வுக் குழு ஒன்று நிலம் அளக்க அழைத்திருந்தது. எங்கள் ராணுவத்தை இந்தப் பக்கம் யாரும் அன்போடு நினைப்பதில்லை. அது இங்கே வந்து சண்டையிட்டது நான் பள்ளிக்கூடம் போன காலத்துச் சங்கதி. ஆனாலும் பயம் பயம்தான்.

வேலணை தாண்டிக் கடல் நடுவே ஓடும் பாதையில், "அண்ணை முந்தி என்ன வேலை செய்தனீங்கள்?" என்றார் ஓட்டுநர். அரசாங்க வேலை என்றேன். கடற்படைக் காவலரணைக் கடந்தபோது என் முதுகு தானாக நிமிர்ந்ததைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார். பட்டாளத்துக்காரன் என்று கண்டுகொண்டார் போல, கண்ணாடியைத் திருப்பிவிட்டார். 

எட்டரை மணிக்குப் பரமேஸ்வரி அக்காவின் பனங்காணிக்கு வந்தேன். மழை பெய்தால் பழைய பானையோடுகள் மேலே வரும் நிலம். தோண்ட அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஆளைப் பார்த்துச் சொல்வதாக இருந்தார். மாட்டேன் என்றால் வந்த வேலை அத்தோடு சரி. அவர் குசினியில் தேநீர் போடும் நேரத்தில் அளக்கும் நிலத்தின் எல்லைக்கு மர முளைகளை அடிக்கத் தொடங்கினேன். முதல் நாள்தான் அவற்றின் தலையில் சிவப்புச் சாயம் பூசியிருந்தேன். ஏன் சிவப்பு என்று யோசிக்கவே இல்லை. கைக்குப் பழகிய நிறம்.

கடைசி முளையை அடித்து நிமிர்ந்தபோது அக்கா வாசற்படியில் நின்றார், கையில் கோப்பையோடு.

"தம்பி, அசையாதையும். நிண்ட இடத்திலேயே நில்லும்."

நின்றேன். என் காலடியில் எதையோ கண்டுவிட்டார் என்று நினைத்தேன்.  கண்ணில் பட்டதெல்லாம் ஒரு காய்ந்த பாளையும் ஆட்டுப் புழுக்கையும்தான். வேறெதுவும் தெரியாததே பயத்தைக் கூட்டியது. அவரும் படியை விட்டு இறங்கவில்லை. அந்நேரம் அவருடைய ஆடு முளைகளுக்கு நடுவே வந்து ஒரு சிவப்புத் தலையை முகர்ந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் பார்த்தது என் காலடியை அல்ல, என் முளைகளை. அவை நான் நட்ட அளவு அடையாளங்கள், வெடி ஒன்றும் இல்லை என்றேன்.

"சிவப்புத் தடி நட்டா அங்கை மிதிவெடி எண்டுதானே அர்த்தம். உமக்குத் தெரியாதோ?"

தெரியும் என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

ஆட்டோவில் சொன்ன பதில் தயாராகத்தான் இருந்தது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல வரவில்லை.

"பட்டாளத்துல இருந்தேன் அக்கா. இந்தியப் பட்டாளம். கண்ணிவெடி எடுக்குற வேலை."

 காரியம் கெட்டது என்றே நினைத்தேன். அவர் கோப்பையைப் படியில் வைத்தார்.

"அப்ப நீர் முன்னால நடவும். நான் பின்னால வாறன்."

நடந்தேன். திரும்பிப் பார்த்தால், என் காலடித் தடங்களின் மேலேயே அளந்து கால் வைத்து வந்துகொண்டிருந்தார். காணியைச் சுற்றி முடித்ததும், "முளையளுக்கு வெள்ளை அடிச்சுப்போட்டுக் கிண்டும்" என்றார். வெள்ளைத் தடி என்றால் வெடி எடுத்து முடித்த நிலம்; தோண்டச் சம்மதித்துவிட்டார்.

மாலை நான்கு மணிக்குக் கிளம்பினேன். ஊரில் நான் வயல் வரப்பில்கூடத் தரையைப் பார்த்தே நடப்பதை என் மனைவி கேலி செய்வாள். இங்கே ஒருவர் அந்த நடையை நம்பிப் பின்னால் வந்தார். ஒவ்வொரு அடியையும் நான் நடுங்கிக்கொண்டேதான் வைத்தேன் என்பதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.