ஜீப் ஸ்பிரிங் வைத்த சைக்கிள்

எழுபதுகளில் எங்கள் மூணாறு எஸ்டேட்டில் இறக்கத்தில் யாரும் சைக்கிள் ஓட்ட மாட்டார்கள். தொழிலாளர் வீடுகள் இருந்த மேல் லயத்திலிருந்து தேயிலை ஃபாக்டரி வரை பாதை முழுக்கக் கருங்கல். எல்லோரும் தள்ளிக்கொண்டே வந்து, தார் ரோட்டில்தான் ஏறி உட்காருவார்கள். ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்த எனக்கு அது எரிச்சலாக இருந்தது. தள்ளுவதற்கா சைக்கிள் வாங்கினோம்?

கழித்துப் போட்ட ஜீப் சீட்டிலிருந்து இரண்டு ஸ்பிரிங்கை எடுத்து, என் சைக்கிள் சீட்டுக்கு அடியில் பொருத்தினேன். எஸ்டேட் ஜீப் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது உன்னயச் சுமக்காது, தூக்கி எறிஞ்சிரும்" என்றார்.

எறிந்தது. முதல் கல்லில் அமுங்கிய சீட், இரண்டாம் கல்லில் நிமிர்ந்து என்னைத் தேயிலைச் செடிக்குள் போட்டது. அதுவும் கவாத்து வெட்டி, குச்சி குச்சியாகக் கூராக நின்ற செடி. குத்திய இடத்தை யாரிடமும் காட்ட முடியவில்லை.

ஸ்பிரிங் மேல் தப்பில்லை. அதன் துள்ளலைப் பிடித்து நிறுத்த ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். தேய்ந்துபோன மிஷின் பெல்ட்டை வெட்டி, சீட்டையும் அதன் கீழிருந்த கம்பியையும் சேர்த்து இறுக்கிக் கட்டினேன். மறுநாள் பல் கடகடக்காமல், பெடலில் கால் நழுவாமல், ஒரு வளைவில்கூடக் கால் ஊன்றாமல் ஃபாக்டரி வாசலில் போய் இறங்கினேன்.

டிரைவர் நம்பவில்லை. "நீங்களே போய்ப் பாருங்கண்ணே" என்று சைக்கிளைக் கொடுத்தேன். இறக்கத்தில் ஓட்டிப் போனவர், ஏற்றத்தில் அதைத் தள்ளிக்கொண்டு மூச்சிரைக்கத் திரும்பி வந்தார்.

"பிரேக்க மட்டும் இன்னும் கொஞ்சம் நல்லாப் போடு தம்பி" என்றார்.