பனிக்குள் ஒரு குதிகால்

போடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் அனுசியாவை, சொப்பனத்தில் நடக்கிறவர் என்று ஊரில் சொல்வார்கள். நோயாளி பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் கண் சன்னல் வழியாக மலைக்குப் போய்விடும். ஆனாலும் காதில் விழுந்தது எதுவும் தப்பாது.

திங்கட்கிழமைகளில் அவரே மலைக்குப் போய்விடுவார். போடிமெட்டுக்கு அப்பால் ஓர் ஏலத்தோட்டத்து மருந்தகத்தில் அன்று அவருக்கு வேலை. காய் எடுக்கப் போகும் பெண்களோடு அதே ஜீப்பில் ஏறிக்கொள்வார். முந்தல் தாண்டி வளைவுகள் ஏற ஏற மேகம் ஜீப்புக்குள்ளேயே வந்துவிடும். பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்குவார்கள். அவரும் பாதித் தூக்கத்தில், எதையும் தேடாமல், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு போவார்.

மூன்று வருடங்களுக்கு முன் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேனியில் மருத்துவர்களுக்குத் தொடர்கல்வி வகுப்பு நடந்தது. கொழுப்பு நோய்கள்தான் பாடம். இத்தனை வருடம் பார்க்காத கொழுப்பா என்ற சலிப்போடுதான் போனார். இருட்டாக்கிய அறை, ஏசி குளிர், ஒரே சீரான குரல். கண் சொக்கியது. அப்போது திரையில் ஒரு குதிகால் வந்தது. அதற்கு மேலே தசைநார் தடித்து, கயிற்றில் முடிச்சு விழுந்ததுபோல் மேடிட்டிருந்தது.

“இது பரம்பரையா வர்ற கொழுப்பு. சாப்பாட்டால வர்றதில்ல, ஒல்லியா இருக்கறவங்களுக்கும் இருக்கும். விட்டுட்டா சின்ன வயசுலயே மாரடைப்பு” என்றார் மதுரையிலிருந்து வந்திருந்த பேராசிரியர்.

திரையைச் சுற்றிப் பனி இறங்குவதுபோல் இருந்தது அனுசியாவுக்கு. அப்படி ஒரு காலை அவர் வாராவாரம் பார்த்திருக்கிறார். ஜீப்பில் எதிர்ப்பலகையில், செருப்பைக் கழற்றிவிட்டுத் தூங்கும் சுருளியம்மாளின் கால்.

மறுநாள் சுருளியம்மாள் முந்தின ஜீப்பிலேயே ஏறிப் போயிருந்தாள். அனுசியா மருந்தகத்தைத் திறக்காமல் நேராகச் சரிவில் இறங்கினார். தலைக்கு மேல் ஏலச்செடிகள் பச்சைக் கூரைபோல் கவிந்திருந்தன. தூரில், தரையோடு படர்ந்த சரங்களில் பெண்கள் குத்தவைத்துக் காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பனியில் உருவங்கள் தெரியவில்லை, வளையல் சத்தம் மட்டும் கேட்டது. அதைப் பிடித்துக்கொண்டே போய்ச் சுருளியம்மாளைக் கண்டார். ஈர மண்ணில் மண்டியிட்டு, “கொஞ்சம் காலைக் காட்டு” என்றார்.

“ஆத்தாடி! காலத் தொடாதீக டாக்டரம்மா. என்ன சோலி இது?”

தொட்டுப் பார்த்தார். கெட்டியாக இருந்தது. விரல் முட்டிகளிலும் சின்னச் சின்ன மேடுகள்.

“உங்க வீட்ல யாரும் சின்ன வயசுல நெஞ்சு வலிச்சுப் போயிருக்காங்களா?”

சுருளியம்மாளின் சிரிப்பு நின்றது. “அப்பன் நாப்பது வயசுல சிலமலைக் காட்டுல வரப்புல உக்காந்தவுக எந்திரிக்கல. அண்ணனும் அப்படித்தான். காத்துக் கருப்பு அடிச்சிருச்சுன்னாக.”

“உன் ரத்தத்துல கொழுப்பு கூடுதலா இருக்கும்னு தோணுது. பாத்துருவோம்.”

“கொழுப்பா, எனக்கா? நான் கறி திங்கறதே தீவாளிக்குத்தான்!” என்றாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். ஆனால் அன்று முழுக்க அவளால் முன்போல் காய் எடுக்க முடியவில்லை.

ரத்தப் பரிசோதனையில் கெட்ட கொழுப்பு, இருக்கவேண்டியதைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்தது. மேடு ஏறும்போது நெஞ்சு இறுக்குவதையும் அவள் அப்போதுதான் சொன்னாள். “எல்லாருக்கும் அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்.” தேனி பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுசியாவே கூட்டிப்போனார். இதயத்துக்குப் போகும் குழாய் ஒன்று முக்கால்வாசி அடைத்திருந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள், மாத்திரை தொடங்கினார்கள்.

கண் விழித்ததும் சுருளியம்மாள் கேட்டது ஒன்றுதான். “எம்மகளுக்கும் இருக்குமா?”

இருந்தது. கல்யாணம் நிச்சயமாகியிருந்த சுசித்ரா அன்று கிளினிக்கில் அழுதாள். “மாப்ள வீட்ல என்ன சொல்லுவாங்க?”

“தினம் ஒரு மாத்திரை போடுறவன்னு சொல்லட்டும். உங்க மாமாவுக்கு அந்த மாத்திரை கிடைக்கல” என்றார் அனுசியா. தேவாரத்து மாப்பிள்ளை அன்புச்செல்வன் விஷயம் தெரிந்து தானாகவே வந்தான். விளக்கத்தைக் கேட்டுவிட்டு, “மாத்திரைய நான் ஞாபகப்படுத்துறேன்” என்று மட்டும் சொன்னான்.

கல்யாணம் நடந்தது. குழந்தைக்கு ஆசைப்பட்டபோது மாத்திரையை நிறுத்தச் சொல்லி, குழந்தை பால் மறந்தபின் தொடரலாம் என்றார் அனுசியா. சுருளியம்மாள் இப்போது சரிவில் இறங்குவதில்லை. தோட்டத்து ஸ்டோரில் உலர்ந்த காய்களைத் தரம் பிரிக்கிறாள்.

இந்தச் சித்திரையில் பேத்தியைத் தூக்கிக்கொண்டு கிளினிக்குக்கு வந்தாள். “இவளுக்கு எப்பப் பாக்கணும் டாக்டரம்மா?”

“கொஞ்சம் வளரட்டும். பாத்துக்கிருவோம்.”

குழந்தை அனுசியாவின் மடியில் தும்மியது. வெளியே வெயில் மங்கி, கோடைமழையின் முதல் வாசனை சந்துக்குள் வந்தது. சுருளியம்மாள் அவசரப்படவில்லை. மழை விட்டதும் போகலாம் என்று பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.