அண்ணன் குடியை விட்ட வாரம்

வார்னிஷ் நெடியும் மென்ற ஏலக்காயின் மணமும் ஒன்றாகக் கலந்து வந்தால், என் அண்ணன் ஜெபராஜ் மாடிப்படி ஏறுகிறான் என்று பொருள். மதுவிலக்கு வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து, இராயபுரத்தில் கப்பல்களுக்குக் கயிறும் பெயின்ட்டும் விற்றுவந்த அப்பாவின் கடையில், பூட்டி வைக்க வேண்டுமென்று எவருக்கும் தோன்றாத சரக்கு வார்னிஷ். சாராயம் கிடைக்காதவர்கள் அதிலிருந்த ஸ்பிரிட்டுக்காக அதைக் குடித்துவிட்டு, நெடியை மறைக்க ஏலக்காய் மெல்வார்கள்.

யுத்தத்தின்போது ஜப்பான்காரன் குண்டு போடுவானென்று அஞ்சி நாங்களெல்லாரும் ஊருக்குப் போய்விட, மீசை அரும்பும் வயதிலிருந்த அண்ணன் மட்டும் கடைக்குக் காவலாக விடப்பட்டான். நாங்கள் திரும்பி வந்தபோது, துறைமுகத்தில் கப்பல் ஊதினால் கையிலிருப்பதைக் கீழே போட்டுவிடுகிறவனாக அவன் மாறியிருந்தான். தூக்கமே வருவதில்லை என்று அம்மாவிடம் ஒருமுறை சொன்னான். வேதப் புத்தகத்திலிருந்து ஒரு சங்கீதம் வாசித்துவிட்டுப் படுக்கச் சொன்னாள். பிறகு அதைப்பற்றி அவன் யாரிடமும் பேசவில்லை. வார்னிஷ் அவனைத் தூங்க வைத்தது.

எங்கள் பயமெல்லாம் அவனுடைய நோயைப் பற்றியதாக இல்லாமல், அந்த நெடி யார் மூக்கில் ஏறும் என்பதைப் பற்றியதாகவே இருந்தது. போலீசுக்குத் தெரிந்தால் சிறை. எங்கள் கிறிஸ்தவ சபைக்குத் தெரிந்தால் அக்காவின் கலியாணம் நின்றுபோகும். கீழ் வீட்டில் குடியிருந்த கிரேன் டிரைவர் கண்ணாயிரம், "இன்னா மாமு, பாலிஷ் போட்ட பீரோ கணக்கா மின்னிக்கினு வர்றே!" என்று படியடியில் கேலி செய்தால், அண்ணன் சிரிப்பான், மாடியில் அம்மாவின் கை அப்படியே நின்றுவிடும். அவன் குடிப்பதற்கு எங்கள் வீட்டில் வழங்கிய ஒரே சொல், "அவனுக்குச் சொகமில்ல."

எங்கள் சபையில் ஆண்டுதோறும் "குடி ஒழிப்பு ஞாயிறு" உண்டு. வீங்கிய ஈரலின் படத்தைப் போதகர் தொங்கவிட, பிள்ளைகள் நாங்கள் வலக்கையை உயர்த்திச் சத்தியம் செய்வோம். அந்த ஆண்டு அப்பா, கூட்டம் கலைந்தபின் அண்ணனைத் தனியே அழைத்துப்போய், வேதப் புத்தகத்தின்மேல் கைவைத்துச் சத்தியம் பண்ணவைத்தார். அண்ணன் அதைக் காப்பாற்றினான். அன்று முதல் ஒரு சொட்டும் தொடவில்லை. வீட்டில் கறிக்குழம்பு வைத்துக் கொண்டாடினோம்.

மறுநாளே அவனால் தம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வியர்வையில் படுக்கை நனைந்தது. அதற்கடுத்த நாள், இல்லாத எறும்புகளைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டே இருந்தான். "பிசாசு வெளிய போகுதுய்யா, கொஞ்சம் பொறுத்துக்க," என்று அம்மா அவன் காலைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். அவன் வேதனை கூடக்கூட, வெற்றி நெருங்குவதாகவே நாங்கள் நம்பினோம்.

கேலியை நிறுத்தியிருந்த கண்ணாயிரம் வாசலில் வந்து நின்றார். "அண்ணாத்தே, புள்ள மூஞ்சே நல்லால்ல. ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போ."

"சாதாரணக் காய்ச்சல்தான்," என்று அப்பா கதவைச் சாத்தினார்.

அண்ணனே கேட்டான்: "அப்பா, என்னைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. பயமா இருக்கு."

"அங்க என்ன குடிச்சேன்னு கேப்பான். என்னலே சொல்லுவ? பிடிச்சு உள்ள போட்டுருவான். இன்னும் ரெண்டு நாள் தாங்கிக்கிட்டேன்னா தீந்துது," என்றார் அப்பா, அவன் தலைமயிரைக் கோதியபடி. அந்தக் கையில் அன்பு இல்லையென்று யாரும் சொல்ல முடியாது.

மறுநாள் முற்பகலில் வலிப்பு வந்தது. அது அடங்குமுன் மற்றொன்று. கண்ணாயிரம் ஓடிப்போய் ரிக்‌ஷா பிடித்து வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"சத்தியத்த மீறாமப் போனான் எம் பிள்ள," என்று அடக்கத்துக்கு வந்தவர்களிடமெல்லாம் அப்பா சொன்னார். பல ஆண்டுகள் கழித்து, மருத்துவரான என் நண்பர் விளக்கினார்: நாள்தோறும் குடித்துப் பழகிய உடல் அதைத் திடீரென விடும்போது உயிருக்கே ஆபத்து நேரலாம், அதற்குச் சிகிச்சை உண்டு, அதற்கு முன்பிருந்தே அவனை வாட்டிய அச்சத்துக்கும் உண்டு. இதை நான் அப்பாவிடம் கொண்டுபோகவில்லை. மகன் சத்தியத்தை மீறவில்லை என்ற அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவர் தம் மீதிக் காலத்தைக் கழித்தார்.

கடை இருந்த இடத்தில் இன்று கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நிற்கின்றன. அப்பா இல்லை, அம்மா இல்லை, அக்காவும் சென்ற மாதம் போய்விட்டாள். உண்மையைக் கேட்டு நொறுங்கிப்போக இனி எவரும் இல்லாததால், இளையவர்களாகிய உங்களிடம் சொல்கிறேன்: உங்கள் வீட்டில் ஒருவர் தூக்கம் வரவில்லை என்று சொன்னால், உட்கார்ந்து கேளுங்கள். குடியை விட்டவருக்குக் கை நடுங்கினால், மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். என்ன குடித்தார் என்று அங்கே கேட்பார்கள், மறைக்காமல் சொல்லுங்கள்.